மடைமரத்து வாசக்கால்

மரக்காணத்து உப்புக் காற்றில் இரும்பு ஆணிக்கு ஆயுள் இரண்டு வருஷம். உப்பளத்துக்குள்ளேயே அடித்த ஆணி என்றால் அதுவும் கிடையாது. முதலில் தலை போகும். பிறகு உடம்பு உப்பி, மரத்தையும் பிளந்துகொண்டு, துருவாக உதிரும். வெளியூர்த் தச்சன் யாராவது வந்து பளபளவென்று கீல் வைத்துக் கதவு மாட்டிவிட்டுப் போனால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். இரண்டாவது மழைக்காலத்தில் அந்த வீட்டுக்காரர் என்னைத் தேடி வருவார் என்று தெரியும். வந்தார்கள். எழுபதுகள் முழுக்க எனக்குச் சோறு போட்டது அந்தத் துருதான்.

நான் குலத்தொழிலாகத் தச்சு கற்றவன் இல்லை. உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரியவன். வாருகிற பலகை உடைந்தால் நானே செதுக்கிக்கொண்டேன். அடுத்தவன் பலகையையும் செதுக்கிக் கொடுத்தேன். அப்படியே கைவேலைக்காரன் ஆகிவிட்டேன். அனுமந்தையில் மீனவர் வீட்டுப் பரண், கீழ்புத்துப்பட்டில் ஒழுகுகிற ஓடு, பள்ளிக்கூடத்துக் கால் ஆடுகிற பெஞ்சு, கிணற்று ராட்டினம், மாதாகோயில் ஜன்னல், செத்தவருக்குப் பெட்டி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவேன். நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தேன். நல்ல மனிதன் என்றும் சிலர் சொன்னார்கள். முதலாவது உண்மை.

அளத்தை எடுத்து நடத்திய கம்பெனியில் எனக்குத் தினக்கூலி. மடை, பலகை, கிடங்குக் கதவு, மேனேஜர் குவார்ட்டர்ஸ் கூரை எல்லாம் என் பொறுப்பு. வாட்ச்மேனுக்கும் பம்பு ஓட்டுகிறவருக்கும் காக்கி உடுப்பு இருந்தது. அவர்கள் பர்மனென்ட். மழைக்காலத்தில் அளம் மூடினால் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களை அனுப்பமாட்டார்கள். ஐப்பசி பிறந்தால் என் வீட்டில் என் மனைவி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே நான் அந்தக் காக்கிக்கு ஆசைப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. எனக்கு அந்த உடுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

என் அக்காவும் அதே அளத்தில்தான் வேலை செய்தாள். கூடையில் உப்பைத் தலைமேல் ஏற்றிக் குவியலுக்குக் கொண்டுபோகிற வேலை. அத்தானைக் கடல் கொண்டு போகவில்லை, காமாலை கொண்டு போனது. அப்போது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரே மகள். அளத்துக்குப் போகிற வண்டிப்பாதை ஓரத்தில் நாலு மண்சுவர் எழுப்பி, மேலே கீற்று போட்டு, வாசலுக்கு ஓலைத் தட்டி கட்டிக்கொண்டு இருவரும் இருந்தார்கள். ஊர் வீட்டுக் கதவையெல்லாம் சரி பண்ணுகிறவனின் அக்கா வீட்டு வாசலில் கதவு இல்லை. கேட்கிறவர்களுக்கு, "மரம் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தேன். எட்டு வருஷமாக மரம் தேடினேன்.

அந்த வருஷம் அக்கா மகள் பெரியவளானாள். அடுத்த மாதமே ஒரு சாயங்காலம், பாதையில் போன குடிகாரன் ஒருவன் தட்டிக்குள் கையை விட்டுக் கயிற்றை அவிழ்த்திருக்கிறான். அக்கா அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கையில் ஒரு கோடு போட்டாள். அவன் ஓடிவிட்டான், பிறகு அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா தூங்கவில்லை. பகலில் கூடையைச் சுமந்துகொண்டே கண்ணயர்ந்து வரப்பில் விழுந்தாள். நான் போய்த் தூக்கிவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், எனுக்கு ஜன்னல் வேணாம், ஓடு வேணாம். உள்ள இருந்து தாப்பா போடறாப்ல ஒரு கதவு போட்டுக் குடுடா. அது போதும். வேற எதுவும் உன்னக் கேக்க மாட்டேன்."

அவள் அதற்கு முன்பும் எதுவும் கேட்டதில்லை. அதனால்தான் எட்டு வருஷம் ஓட்ட முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் கடல்தண்ணீர் ஏறுகிற கழியிலிருந்து அளத்துக்குத் தண்ணீர் எடுக்கிற பெரிய மடையை மாற்றும் வேலை வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நட்ட தேக்கு. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கால்கள், குறுக்கே கட்டைகள். எத்தனையோ வருஷம் உப்புத் தண்ணீரிலேயே நின்று கறுத்து, கல்லாகிப்போயிருந்தன. பலகை மட்டும்தான் உளுத்திருந்தது, கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்பெனி மொத்தத்தையும் மாற்றச் சொன்னது. நாலு நாள் மார்பளவு உப்புத் தண்ணீரில் நின்று வேலை செய்தேன். தொடை இடுக்கு வெந்து, நடக்கும்போது காலை அகட்டி வைத்து நடந்தேன். ஐந்தாம் நாள் பழைய கட்டைகள் கரையில் கிடந்தன.

எங்கள் அளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மடையை மாற்றுகிறவனுக்குத்தான் பழைய மரம். யாரும் எழுதிவைத்ததில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கி உடம்பை வேகவைத்தவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று எப்போதோ யாரோ விட்டுக்கொடுத்தது, அப்படியே நடந்து வந்தது. அப்போதிருந்த மேனேஜர் வயதானவர், ஓய்வு பெறுகிற சமயம். அவரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். "கெழட்டு மரத்த நான் வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறேன், எடுத்துக்கினு போப்பா" என்றார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, வண்டியில் ஏற்றி அக்கா வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். கரையான் தொடாது, உளுக்காது. உப்பு ஊறிய தேக்கை விட நல்ல மரம் எந்த ராஜா வீட்டிலும் கிடையாது.

ஆனால் அந்த மரத்தை அப்படியே வீட்டில் வைக்கக்கூடாது. நல்ல தண்ணீர்க் குளத்தில் கல்லைக் கட்டி ஒரு மழைக்காலம் முழுக்க முக்கிப் போட வேண்டும். உப்பெல்லாம் இறங்கியபிறகு நிழலில் காயவைத்து, அப்புறம்தான் இழைப்புளியை மேலே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் காற்று அடிக்கும்போதெல்லாம் மரம் வேர்க்கும். வெயில் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். மற்றவர்கள் மரத்தையெல்லாம் குளத்தில் போட்டு வைத்தவன் நான். அக்காவின் மரத்தை மட்டும் போடவில்லை. அவள் தூங்காமல் கிடக்கிறாள், ஒரு மழைக்காலம் காத்திருக்க முடியாது என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அது உண்மைதான். குளம் வரைக்கும் மறுபடி வண்டி கட்ட வேண்டுமே என்ற சோம்பலும் உண்மைதான். எது அதிகம் என்று இன்றைக்கு நிறுத்துப் பார்க்க முடியாது.

வேலையை மட்டும் மனசு வைத்துச் செய்தேன். ஒரு பொட்டு இரும்பு இல்லை. கால்களில் துளை, மேல்கட்டையில் அந்தத் துளைக்குள் இறங்குகிற கழுந்து. இரண்டையும் சேர்த்துக் காய்ந்த கருவேல முளையை அடித்து இறக்கினேன். காய்ந்த முளை, ஈரம் இழுக்கிற உப்பு மரம். உள்ளே போனபிறகு முளை ஊதிக்கொள்ளும். அதற்கப்புறம் அதை வெளியே எடுக்க அடித்தவனாலும் முடியாது. மாம்பலகையில் கதவு செய்து, கீலுக்குப் பதிலாக மேலும் கீழும் மரக் குடுமி விட்டு, வாசக்காலில் குழி தோண்டி அதில் சுழலவிட்டேன். தாழ்ப்பாளும் மரம்தான், என் கை மணிக்கட்டு அளவு கனம். மேலே நீல பெயிண்ட் அடித்தேன்.

வாசக்கால் வைத்த அன்று என் மனைவிதான் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். அக்கா தள்ளி, பக்கத்து வீட்டு முருங்கைமரத்தடியில் நின்றாள். அவள் வீடு, அவள் வாசல். தாலி அறுத்தவள் கிட்டே வரக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளே போய் நின்றுகொண்டாள். 'நீ வா அக்கா' என்று நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அவள் எனக்கு வாங்கி வைத்திருந்த வேட்டியை மட்டும் வெற்றிலை பாக்கோடு வாங்கிக்கொண்டேன். எல்லோரும் போனபிறகு அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். திறந்தாள். மறுபடி போட்டாள். நான் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவளும் மகளும் சிரித்தார்கள்.

ஓய்வு பெற்றவருக்குப் பதிலாகப் புது மேனேஜர் வந்தார். மெட்ராஸ்காரர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கண்டிப்பானவர் என்றார்கள். எனக்கு அவரிடம் ஒரு குறையும் இல்லை. குவார்ட்டர்ஸ் கூரையைச் சரி பண்ணியதைப் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யறேப்பா. பர்மனென்ட்டுக்கு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. உன் பேரையும் எழுதி அனுப்பறேன்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையே வேறு. அந்த ஒரு நாளுக்காகவே மேனேஜரைக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது.

கார்த்திகையில் ஒரு வாரம் விடாத மழை. மழை விட்டு இரண்டாம் நாள் சுள்ளென்று வெயில். மேனேஜர் அளத்தின் வரப்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்க ஜீப்பில் வந்தார். வண்டிப்பாதைச் சேற்றில் ஜீப் இறங்கிக்கொண்டது. இறங்கிய இடம் அக்கா வீட்டு வாசலுக்கு நேரே. என்னையும் நாலு பேரையும் கூப்பிட்டனுப்பினார்கள். நாங்கள் தொடை வரைக்கும் சேற்றில் நின்று ஜீப்பைத் தள்ளிக்கொண்டிருக்க, வெயில் தாங்காமல் மேனேஜர் அக்கா வீட்டு நிழலில் ஒதுங்கினார். அக்கா முக்காலியை எடுத்துப் போட்டு, சொம்பில் மோர் கொடுத்தாள். தம்பிக்கு வேலை போட்டுத் தரப்போகிற மனுஷன் ஆயிற்றே.

அவர் உட்காரவில்லை. வாசக்காலில் கையை ஊன்றிக்கொண்டு மோரைக் குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கையைப் பார்த்தார். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. திரும்பி வாசக்காலைப் பார்த்தார். நீல பெயிண்ட் செதில் செதிலாக எழும்பி, அடியிலிருந்து உப்பு பூத்துத் தள்ளியிருந்தது. மஞ்சள் பூசிய இடத்தில்கூட வெள்ளை. நான் ஜீப்பின் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்தேன். தள்ளுவதை நிறுத்திவிட்டேன்.

"இது இன்னா மரம்மா?" என்று அவர் கேட்டார்.

அக்காவுக்கு என்ன தெரியும்? பெருமையாகச் சொன்னாள். "எந் தம்பிதாங்க போட்டான். பெரிய மடையில இருந்த கட்டைங்க. நூறு வருசம் ஆனாலும் அசையாதுன்னு சொல்லிக்கிறான்."

அவர் உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பியதும் என்னை உள்ளே ஏறச் சொன்னார். அளத்தில் இறங்கும்போதுதான் சொன்னார். "கம்பெனி மரம் உங்க அக்கா வீட்டுல இன்னாப்பா பண்ணுது? நீயே இப்பிடிப் பண்ணா, நான் மேல இன்னா எழுதறது? திங்கக்கிழமை அந்த மரம் ஆபீஸ்ல இருக்கணும்."

நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே வரி. சார், மடை மாற்றுகிறவனுக்குத்தான் பழைய மரம் என்பது இங்கே வழக்கம். பழைய மேனேஜர் வாயால் கொடுத்தது, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டு வரி என் வாயில் வரவில்லை. என் பெயர் எழுதிய தாள் அவர் மேஜையில் இருந்தது. வாயைத் திறந்து எதிர்த்துப் பேசினால் அந்தத் தாள் கிழிந்துவிடும் என்று நினைத்தேன். "சரிங்க சார்" என்றேன். குரல்கூடக் கம்மவில்லை. தெளிவாகச் சொன்னேன்.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொன்னபோது அவள் முதலில் நம்பவில்லை. வாசக்காலைப் பேர்ப்பது என்றால் எங்கள் பக்கத்தில் அது வீட்டைக் கொல்வது. நட்ட வாசக்காலை வாழ்ந்து கெட்டவன்கூடக் கடைசியில்தான் தொடுவான். அப்படிப் பேர்த்ததை மறுபடி யார் வீட்டிலும் வைக்கமாட்டார்கள். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் வந்து அவரு கால்ல விழறேன்டா. பொம்பளப் புள்ளய வெச்சிக்கினு இருக்கேன்னு சொல்றேன். அவரும் மனுசன்தானே, மோரு வாங்கிக் குடிச்சாரே."

எனக்குப் பயமாகிவிட்டது. இவள் போய் அழுது, வழக்கம் கிழக்கம் என்று பேசி, கூட்டம் கூட்டி, என் காரியத்தைக் கெடுத்துவிடுவாள் என்ற பயம். உடனே ஒரு பொய் வந்தது. அந்த உண்மையான இரண்டு வரி வராத வாயில் இது மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது.

"நான் பேசிப் பாத்துட்டேங்க்கா. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்டேன்னுட்டாரு. நீ வந்தா இன்னும் கோவம்தான் வரும்."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள், "பேசிட்டியா? அப்ப வுடு. உனக்கு வேலை முக்கியம்டா, ரெண்டு புள்ள வெச்சிருக்கே. எடுத்துக்கினு போ."

ஞாயிற்றுக்கிழமை காலையில் உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொண்டு போனேன். முளையை வெளியே தட்டப் பார்த்தேன். மழையில் ஊதி மரத்தோடு மரமாகியிருந்தது. ஒன்று, இரண்டு என்று நாலு முளையிலும் தட்டிப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் அடித்ததிலேயே நல்ல முளைகள் அவைதான். கடைசியில் ரம்பத்தை எடுத்தேன். மேல்கட்டையைக் குறுக்கே அறுத்தேன். கால்களைத் தரையோடு அறுத்தேன். அறுக்க அறுக்க உப்புத் தண்ணீர் ரம்பத்தின் பல்லில் கசிந்தது. மேல்கட்டையை இழுத்ததும் மேலேயிருந்த நனைந்த மண்சுவர் இரண்டு முழத்துக்குப் பொதபொதவென்று சரிந்து உள்ளே விழுந்தது. அடுப்பெல்லாம் மண். அக்கா மகள் மூலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அக்கா மண்ணைக் கூடையில் அள்ளி வெளியே கொட்டினாள். தலையில் உப்பு சுமக்கிற அதே கூடை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் ரம்பத்தைக் கீழே போட்டிருப்பேன் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். அதுவும் எனக்குச் சாதகமாக நானே சொல்லிக்கொள்வதுதான்.

கதவு மட்டும் மிச்சம். அது மாம்பலகை, அக்காவே வாங்கியது. குடுமி சுழல வாசக்கால் இல்லாமல் அது வெறும் பலகை. அதைத் திறந்த வாசலில் சாய்த்துவைத்து, அம்மிக்கல்லை அண்டக் கொடுத்தேன். "இப்பிடி இருந்தா போதும், எவனும் தள்ள முடியாது" என்று சொன்னேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி. அக்கா தலையை ஆட்டினாள்.

திங்கட்கிழமை வண்டியில் அறுத்த கட்டைகளை ஏற்றி ஆபீஸ் வாசலில் இறக்கினேன். மேனேஜர் டீ டம்ளரோடு வெளியே வந்தார். கட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாப்பா இது?"

"மரங்க சார். நீங்க கொண்டாரச் சொன்னது."

அவருக்கு ஞாபகம் வர ஒரு நிமிஷம் ஆனது. முகம் மாறியது. "அய்யய்யோ! நெஜமாவே பேத்துட்டு வந்துட்டியா?" டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். "யோவ், ஏதோ கோவத்துல சொன்னேன். வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? மடை மாத்தறவங்களுக்குத்தான் பழைய மரம்னு சனிக்கிழமையே வாட்ச்மேன் சொல்லிட்டாரு. சரி, அவனே எடுத்துக்கட்டும்னு நானும் வுட்டுட்டேன். நீ ஏன் வாய மூடிக்கினு இருந்தே?"

நான் வண்டியில் கட்டைகளைக் கட்டியிருந்த கயிற்றைச் சுருட்டினேன்.

"அறுத்து வேற வெச்சிருக்கே. இத வெச்சி நான் இன்னா பண்றது? எடுத்துக்கினு போ, போய்த் திரும்ப வெச்சிக் குடு."

திரும்ப வைக்க முடியாது என்று அவருக்கு எப்படித் தெரியும், மெட்ராஸ்காரர். அறுத்த கட்டை சேராது. சேர்ந்தாலும் பேர்த்த வாசக்காலை நட ஆள் கிடையாது. கட்டைகளை ஆபீஸ் பின்பக்கம் போட்டேன். கேன்டீன்காரம்மா இரண்டு துண்டை அடுப்பில் வைத்தாள். படபடவென்று வெடித்துப் பொறி பறந்ததும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "கருமாந்திரம்! எரியக்கூட மாட்டேங்குது" என்றாள்.

அன்று சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் மறுக்கவே இல்லை, நான் பேசவே இல்லை, வாயைத் திறந்திருந்தால் உன் கதவு உனக்கு இருந்திருக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். பாதையில் அவள் வீட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். அவள் கதவைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். மகள் அம்மிக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் நிற்காமல் போனேன்.

தை மாதம் எனக்கு ஆர்டர் வந்தது. காக்கி உடுப்பு வந்தது. அடுத்த ஐப்பசியில் என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேறு மரத்தில் வாசக்கால் செய்து தருகிறேன் என்று அக்காவிடம் இரண்டு தடவை கேட்டேன். "வாணாம்டா, அதையும் எவனாச்சும் வந்து கேப்பான்" என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்தவில்லை நான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்புகிற வரைக்கும் மூன்று வருஷம் அக்கா அந்தக் கதவைத் தினமும் தூக்கி வைத்தாள், தினமும் தூக்கி எடுத்தாள். தூங்கினாளா என்று நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வி. அளத்தில் யாராவது அவள் முன்னால் என்னைப் பற்றி ஏதாவது சொன்னால் சண்டைக்குப் போவாள். "அவன் இன்னா பண்ணுவான், பாவம். புள்ளகுட்டிக்காரன்" என்பாள். அதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன். உப்புக் குவியலின் மறுபக்கம் நின்றுகொண்டு, வெளியே வராமல் கேட்டேன்.

பிறகு அந்த மேனேஜருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்ற நான்தான் போனேன். கட்டிலைப் பிரித்துக் கொடுத்தேன். போகும்போது என் தோளைத் தட்டி, "நல்லா இருப்பா" என்றார். எனக்கு அவர் கெடுதல் எதுவும் செய்ததில்லை. ஜீப் பாதையில் திரும்பியபோது அக்கா வீட்டிலிருந்து வெளியே வந்தாள். நான் லாரிக்குப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். அவள் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். ஜீப் போன திசையில் தூற்றினாள். நாசமாப் போ, உன் வூட்டு வாசல்ல புல்லு மொளைக்க, என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. காற்று எங்கள் பக்கம் அடித்தது, மண் என் சட்டையிலும் விழுந்தது.

ஜீப் மறைந்தபிறகு என்னிடம் வந்தாள். என் காக்கிச் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"எனக்காக இல்லடா. உனக்காகத்தான் தூத்தனேன். நீ கால்ல விழுந்து கெஞ்சியும் எரங்காத பாவி அவன்."

காலில் விழுந்தேன் என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பேசிப் பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை அவளே எனக்காகச் சேர்த்திருக்கிறாள். தம்பி அவ்வளவாவது செய்திருப்பான் என்று அவளுக்கு நம்பிக்கை. இப்போதாவது சொல்லிவிடு என்று வாய்வரைக்கும் வந்தது.

"ஆமாங்க்கா" என்றேன்.